வரியைக் கூட்டுவதா, செலவைக் குறைப்பதா: மாநகராட்சிக் கணக்கு, முதலிலிருந்து

ஏப்ரல் பிறந்து முதல் அரையாண்டு வீட்டு வரி கட்டும் நேரம் வந்தால் மதுரையில் எங்கள் தெருவில் ஒரு வாக்குவாதம் தவறாமல் நடக்கும். எதிர்வீட்டு அண்ணன் கையில் ரசீதோடு வந்து நிற்பார். "ஏத்திக்கிட்டே போறாய்ங்க. இருக்கிற காசை ஒழுங்காச் செலவழிச்சா ஏத்த வேண்டிய அவசியமே வராது" என்பார். முக்கில் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்கா ஈடு எடுத்துக்கொண்டே, "அரிசி, உளுந்து, கேஸு எல்லாம் ஏறுது, நான் இட்லி விலையை ஏத்தலையாண்ணே? அவங்களுக்கு மட்டும் பழைய விலையிலயே கட்டுபடியாகுமா?" என்று கேட்பார். அதோடு பேச்சு நின்றுவிடும், அடுத்த அக்டோபரில் மறுபடி தொடங்கும்.

ஒரு நகரத்துக்குக் காசு பற்றாதபோது வரியைக் கூட்ட வேண்டுமா, செலவைக் குறைக்க வேண்டுமா என்பதைத்தான் இரண்டு பேரும் பேசுகிறார்கள். இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. நான் அக்கா பக்கம் சாய்கிறவன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏன் என்பது புரிய, மாநகராட்சிக்குக் காசு எந்த வழியாக வருகிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நாம் கடையில் சோப்பு வாங்கும்போது கட்டும் ஜிஎஸ்டியில் ஒரு பைசா கூட நேராக மாநகராட்சி அலுவலகமான தல்லாகுளம் அண்ணா மாளிகைக்குப் போவதில்லை. அது மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் போகிறது. வருமான வரி மத்திய அரசுக்கு. பெட்ரோல் மேல் போடும் வரி அவர்கள் இருவருக்கும். மாநகராட்சி தானே போட்டுத் தானே வசூலிக்கும் வரி என்று பார்த்தால் பெரிதாக இருப்பது ஒன்றுதான், சொத்து வரி. அதற்கு அடுத்தபடியாகக் காலிமனை வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், பாதாளச் சாக்கடைக் கட்டணம், மாநகராட்சிக் கடைகளின் வாடகை, பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட் குத்தகை என்று சில்லறையாக வரும். இதற்கு மேல் மாநில அரசு தன் வரி வருமானத்தில் ஒரு பங்கை நிதிக்குழு பரிந்துரைப்படி பிரித்துத் தரும், மத்திய நிதிக்குழு மானியமும் உண்டு.

இதில் தொழில் வரியை மட்டும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். ஒருவரிடம் ஆண்டுக்கு அதிகபட்சம் 2,500 ரூபாய்தான் வாங்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 276-ஆவது பிரிவே உச்சவரம்பு வைத்திருக்கிறது. அந்த வரம்பு 1988-இல் வைத்தது. அன்றைக்கு 2,500 ரூபாய் என்றால் பலருக்கு ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். இன்றைக்கு அது ஒரு குடும்பத்தின் ஒரு வார மளிகைக்குப் போதுமா என்பது சந்தேகம். யாரும் வரியைக் குறைக்கவில்லை, ஆனால் வரி குறைந்துவிட்டது. இந்த விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நான் சொல்ல வந்ததே இதைச் சுற்றித்தான்.

அடுத்து, மாநகராட்சியிடம் இரண்டு பானை இருக்கிறது. ஒன்று அன்றாடச் செலவுக்கானது: சம்பளம், பென்ஷன், தெருவிளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் மின்கட்டணம், குப்பை வண்டிக்கு டீசல், வாய்க்கால் தூர்வாரும் கூலி. இதை வருவாய்க் கணக்கு என்பார்கள். இன்னொன்று புதிதாகக் கட்டுவதற்கானது, மூலதனக் கணக்கு. பெரியார் பஸ் ஸ்டாண்டைப் புதிதாகக் கட்டியது, மீனாட்சியம்மன் கோயில் பக்கத்தில் அடுக்குமாடி வாகன நிறுத்தம் கட்டியது, தமுக்கத்தில் மாநாட்டு அரங்கம் கட்டியது எல்லாம் இந்த இரண்டாவது பானையிலிருந்து. அந்தப் பானையில் விழுந்த காசில் பெரும்பகுதி ஸ்மார்ட் சிட்டி மாதிரியான திட்டங்களின் பெயரில் மத்திய, மாநில அரசுகளிடமிருந்து வந்தது.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால், கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் செய்வார், பந்தலில் மொய் விழும், பீரோவும் கட்டிலும் வந்து இறங்கும். ஆனால் மறுமாதத்திலிருந்து அரிசி வாங்குவதும் கரண்ட் பில் கட்டுவதும் அந்த வீட்டுக்காரர் பாடுதான். அதற்கு யாரும் மொய் எழுத மாட்டார்கள். புதுக் கட்டடம் ஒவ்வொன்றும் வரும்போது அதைக் கூட்ட ஆள், காவலுக்கு ஆள், லிப்ட் பழுது பார்க்கும் செலவு என்று முதல் பானையில் புதிதாக ஒரு கை விழுகிறது. "இத்தனை கோடியில கட்டுறாய்ங்க, குப்பை அள்ளக் காசில்லையாம்" என்று கோபப்படுகிறவர்களுக்கு இந்த இரண்டு பானை விஷயம்தான் பதில். கோபம் தப்பில்லை, ஆனால் ஒரு பானையிலிருந்து இன்னொன்றுக்கு நினைத்தபடி அள்ளி ஊற்ற முடியாது.

சரி, முதல் பானையில் ஓட்டை விழுந்தால்? மத்திய அரசுக்குப் பற்றாக்குறை வந்தால் சந்தையில் கடன் வாங்கிச் சமாளித்துவிடும், ஆண்டுக்கு ஆண்டு பற்றாக்குறை பட்ஜெட்டே போடும். மாநகராட்சிக்கு அப்படி முடியாது. மாநில அரசின் அனுமதி இல்லாமல் கடன் வாங்க முடியாது, வாங்கினாலும் எதைக் காட்டித் திருப்பிக் கட்டுவாய் என்று கேட்பார்கள். மதுரை ஒருமுறை துணிந்து செய்திருக்கிறது. ரிங் ரோடு போட்ட கடனுக்காக 2001-இல் கடன் பத்திரம் வெளியிட்டது, அதற்கு ஈடாகக் காட்டியது அந்த ரோட்டில் வசூலாகும் சுங்கக் கட்டணத்தை. ரோடு சம்பாதிக்கும், கடனை அடைக்கும், சரி. தூய்மைப் பணியாளருக்குச் சம்பளம் கொடுக்க இப்படிக் கடன் வாங்க முடியுமா? அது வட்டிக்கு வாங்கி இட்லி சாப்பிடுகிற கதை. ஆகவே வரியைக் கூட்டு, அல்லது செலவைக் குறை என்ற இடத்தில்தான் எந்த நகரமும் கடைசியில் வந்து நிற்கும்.

இப்போது நம் வீட்டு வரியின் வரலாற்றைப் பார்ப்போம். சென்னையைத் தவிர்த்த தமிழ்நாட்டு நகரங்களில் சொத்து வரியைப் பொதுவாக உயர்த்தியது 2008-இல். அதற்குப் பிறகு 2018-இல் உயர்த்தி அறிவித்தார்கள், எதிர்ப்பு வந்தது, 2019 நவம்பரில் நிறுத்தி வைத்தார்கள். அப்புறம் 2022 பிப்ரவரியில் உள்ளாட்சித் தேர்தல் முடிந்த கொஞ்ச நாளில், ஏப்ரலிலிருந்து புது வரி என்று வந்தது. நம் மாதிரி ஊர்களில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் உயர்வு. ஊரே கொதித்தது. அதில் ஆச்சரியமில்லை, 14 ஆண்டு தூங்கிவிட்டு ஒரே நாளில் எழுப்பினால் யாருக்கும் கோபம் வரும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2008-இல் ஆண்டுக்கு 2,000 ரூபாய் வரி கட்டிய 1,000 சதுர அடி வீடு ஒன்று. விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறியதாக வைத்துக்கொண்டால், 2008-இல் 2,000 ரூபாய்க்கு முடிந்த வேலைக்கு 2022-இல் கிட்டத்தட்ட 3,960 ரூபாய் ஆகும். அந்த வீட்டு வரி 50 சதவீதம் ஏறி 3,000 ஆனது. அதாவது ஊர் கொதித்த அந்த உயர்வுக்குப் பிறகும், அந்த வீடு 2008-இல் கொடுத்ததைவிடக் குறைவான மதிப்பைத்தான் கொடுக்கிறது. உயர்வுக்கு முந்தின ஆண்டுகளில் இன்னும் மோசம், கிட்டத்தட்டப் பாதி விலைக்கு முழு வேலை கேட்டுக்கொண்டிருந்தோம். இதற்கு நடுவில் ஊர் வேறு பெரிதாகிவிட்டது. 72 வார்டாக இருந்த மாநகராட்சியோடு திருப்பரங்குன்றம், ஆனையூர், அவனியாபுரம் பக்கமெல்லாம் சேர்த்து 100 வார்டாக்கினார்கள், ஐம்பத்திரண்டு சதுர கிலோமீட்டராக இருந்த பரப்பு 148 ஆனது.

அந்த 50 சதவீதத்தையே ஆண்டுக்கு 3 சதவீதமாகப் பிரித்து 14 ஆண்டு ஏற்றியிருந்தால் ஏறக்குறைய அதே 3,000-இல்தான் வந்து நின்றிருக்கும். முதல் ஆண்டு உயர்வு வெறும் 60 ரூபாய். யாரும் கவனித்திருக்கக்கூட மாட்டார்கள், நடுவில் 14 ஆண்டும் பானையில் கொஞ்சம் கொஞ்சமாகக் காசு சேர்ந்திருக்கும்.

அதனால்தான் சொல்கிறேன், வரியை ஏற்றாமல் விடுவதும் ஒரு வெட்டுதான். யாரும் மாமன்றத்தில் தீர்மானம் போட்டு நிறைவேற்றாத வெட்டு. கவுன்சிலர் யாரும் அதற்குப் பெயர் கொடுக்க வேண்டாம், போராட்டம் நடக்காது. ஆனால் அந்த வெட்டு எங்கேயாவது விழுந்தாக வேண்டும். எங்கே விழும்?

நிரந்தர ஊழியரின் சம்பளத்திலும் பென்ஷனிலும் விழாது, சட்டம் இருக்கிறது. கரண்ட் பில்லில் விழாது, கட்டாவிட்டால் மோட்டார் ஓடாது. திறப்பு விழா உள்ள வேலையிலும் விழாது. மிச்சம் இருப்பது கண்ணுக்குத் தெரியாத பராமரிப்பு வேலையும், ஒப்பந்தத்தில் இருக்கும் ஆட்களின் கூலியும்தான்.

எங்கள் தெரு முனையில் மழைநீர் வாய்க்காலைத் தூர்வாரியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். காலை ஆறரை மணி. நான்கு பேர். சிமெண்ட் மூடியைக் கடப்பாரை போட்டு நெம்பி எடுத்ததும் உள்ளே தண்ணீரே தெரியவில்லை, மேலே வரைக்கும் கறுப்பு மண். நீளக் காம்பு வைத்த மண்வெட்டியால் இழுத்து இழுத்துச் சட்டியில் போடுகிறார்கள். மண்ணோடு பால் பாக்கெட், செருப்பு, தேங்காய் மட்டை, ஒரு முழுத் தலையணை. நாற்பது அடி நீளம் முடிக்க மதியம் ஆனது. எடுத்த சகதியைக் கரையில் குவித்துவிட்டு, காய்ந்த பிறகு வண்டி வந்து அள்ள வேண்டும், அதற்குள் மழை வந்தால் குவித்ததெல்லாம் மறுபடி உள்ளே போகும். இந்த வேலை ஒரு வருடம் நடக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. இரண்டாவது வருடமும் தெரியாமல் போகலாம். மூன்றாவது வருடம் ஐப்பசியில் ஒரு மழை வரும்.

2024 அக்டோபர் 25 அன்று அப்படி ஒரு மழை வந்தது. பிற்பகலில் சில மணி நேரம் கொட்டியதில் செல்லூர், நரிமேடு பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. கண்மாயிலிருந்து வைகைக்குப் போகும் வாய்க்கால் அவ்வளவு தண்ணீரையும் தாங்கவில்லை. அதன் பிறகு செல்லூர் கண்மாயிலிருந்து வைகைக்கு சிமெண்ட் கால்வாய் கட்ட மாநில அரசு கிட்டத்தட்ட 12 கோடி ரூபாய் ஒதுக்கியது. தேவையான வேலைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கால்வாய்க்கும் ஆண்டுக்கு ஆண்டு நான்கு பேர் கடப்பாரையோடு வர வேண்டும், அவர்கள் கூலி முதல் பானையிலிருந்துதான் வர வேண்டும். அடுத்த ஆண்டு 2025 ஜூலையில் மத்திய அரசின் தூய்மைக் கணக்கெடுப்பு வந்தபோது பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள 40 நகரங்களில் மதுரை நாற்பதாவது. இந்த ஊரில் பிறந்தவனுக்கு அந்தப் பட்டியலைப் பார்த்தபோது வயிறு எரிந்தது. காரணம் காசு மட்டும் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் காசு இல்லாமல் அந்த இடத்திலிருந்து மேலே வரவும் முடியாது.

அப்படியென்றால் வரியை ஏற்றிக்கொண்டே போகலாமா? கூடாது. அதற்கு அமெரிக்காவின் டெட்ராய்ட் ஓர் எச்சரிக்கை. கார்த் தொழிற்சாலைகளால் செழித்த ஊர், 1950-இல் மக்கள்தொகை பதினெட்டரை லட்சம். ஆலைகள் போயின, வசதியுள்ளவர்கள் வெளியேறினார்கள், மிஞ்சியவர்கள் மேல் வரியை ஏற்றினார்கள், அதைப் பார்த்து இன்னும் பலர் வெளியேறினார்கள். அந்த மாநிலத்திலேயே அதிக வரி கட்டும் மக்கள் அவர்கள், ஆனால் தெருவிளக்கில் பத்துக்கு நாலு எரியவில்லை. 2013 ஜூலையில் ஏறக்குறைய 1,800 கோடி டாலர் கடனோடு நகரம் திவால் மனு கொடுத்தபோது மிஞ்சியிருந்தவர்கள் சுமார் ஏழு லட்சம் பேர். வரி ஏறினால் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விடலாம் என்ற வழி மக்களுக்கு எப்போதும் உண்டு. நம் ஊரிலும் மாநகராட்சி எல்லை முடிந்ததும் ஊராட்சியில் மனை வாங்குகிறவர்கள் எத்தனை பேர்!

இங்கிலாந்தின் பர்மிங்காம் இரண்டையும் சேர்த்துச் செய்தது. பெண் ஊழியர்களுக்குச் சம ஊதியம் கொடுக்காமல் விட்ட பாக்கியும், கைமீறிப்போன ஒரு கம்ப்யூட்டர் திட்டமும், நெடுங்காலமாக மேலிருந்து குறைந்துகொண்டே வந்த நிதியும் சேர்ந்து, 2023 செப்டம்பரில் இனிமேல் செலவுக்குக் காசில்லை என்று நகராட்சியே அறிவித்தது. அடுத்த ஆண்டு வரியைக் கிட்டத்தட்ட 10 சதவீதம் ஏற்றினார்கள், அதோடு நூலகம், இளைஞர் சேவை என்று வெட்டினார்கள். குப்பை அள்ளும் ஊழியர்களின் ஒரு பதவியை எடுக்கப் போய், 2025 மார்ச்சில் அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்க, தெருவில் பல்லாயிரம் டன் குப்பை தேங்கியது, எலி பெருகியது. காலம் கடந்து செய்தால் ஏற்றுவதும் வலிக்கும், வெட்டுவதும் வலிக்கும், இரண்டும் ஒரே குடும்பத்தின் தலையில் விழும்.

எதிர்வீட்டு அண்ணன் சொல்வதில் உள்ள நியாயத்துக்கு இப்போது வருகிறேன். செலவைக் குறைப்பதில் இரண்டு வகை உண்டு. பழைய சோடியம் விளக்கை எடுத்துவிட்டு எல்இடி போட்டால் வெளிச்சம் குறையாமல் கரண்ட் பில் குறையும். கசியும் குழாயை அடைத்தால் அதே மோட்டார் கூடுதல் வீட்டுக்குத் தண்ணீர் ஏற்றும். இப்படிப்பட்ட குறைப்பை யாரும் எதிர்க்கப் போவதில்லை, இதை வரி உயர்வுக்கு முன்பே செய்துகாட்ட வேண்டும். ஆனால் பத்துப் பேர் கூட்டிய தெருவுக்கு ஆறு பேரை அனுப்புவதைச் சிக்கனம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளக் கூடாது. அந்த நான்கு பேர் வேலையை மிச்சமுள்ள ஆறு பேர் முதுகுதான் சுமக்கிறது, அவர்களிலும் பெரும்பாலானோர் ஏழைகள், பெண்கள்.

அண்ணன் பக்கம் இன்னொரு பெரிய நியாயமும் இருக்கிறது. வரியை ஏற்றுவதற்கு முன்னால், இருக்கிற வரியை எல்லோரிடமும் வாங்கினீர்களா என்ற கேள்வி. நம் ஊரில் சில கட்டடங்களுக்கு வரியைக் குறைத்துப் போட்டார்கள் என்ற புகாரில் 2025-இல் கைதுகள் நடந்தன, மண்டலத் தலைவர்கள் பதவி விலகினார்கள். வழக்கு எப்படி முடியும் என்பது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் ஒழுங்காக வரிசையில் நின்று கட்டுகிறவன் மனதில் அது விதைக்கும் எண்ணம் இருக்கிறதே, அதுதான் பெரிய நஷ்டம். வரி என்பது பக்கத்து வீட்டுக்காரனும் கட்டுகிறான் என்ற நம்பிக்கையில் ஓடுவது. அந்த நம்பிக்கை போனால் 2 சதவீதம் ஏற்றினாலும் கொள்ளை என்றுதான் தோன்றும்.

2024-இல் 6 சதவீதம் ஏற்றினார்கள். வருடா வருடம் சிறிது சிறிதாக ஏற்றுவதுதான் சரியான முறை என்பது என் கருத்து, ஆனால் ஒவ்வொரு ஆண்டும் 6 என்றால் பன்னிரண்டு ஆண்டில் வரி இரட்டிப்பாகிவிடும், விலைவாசியையும் தாண்டலாம். விலைவாசி ஏறும் அளவுக்கு ஏற்றட்டும், அதற்கு மேல் வேண்டுமென்றால் எந்த வேலைக்கு என்று மாமன்றத்தில் சொல்லிவிட்டு ஏற்றட்டும். அப்புறம், சொந்த வீடு இருந்தும் கையில் காசு இல்லாதவர்கள் நிறையப் பேர். கணவர் கட்டிய வீட்டில் முதியோர் பென்ஷனை வைத்துத் தனியாக இருக்கும் பாட்டிக்கு, வீட்டின் சதுர அடி மட்டும் பார்த்து வரி போட்டால் கஷ்டம். அவர்களுக்குத் தள்ளி வைத்தோ குறைத்தோ கட்ட ஒரு வழி கண்டிப்பாக வேண்டும். வாடகைக்கு இருப்பவர்களுக்கு ரசீது வராது, ஆனால் வரி ஏறிய மாதமே வாடகை ஏறும், ஏறியதைவிடப் பல மடங்காக.

நீங்கள் இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் வரி ரசீதை எடுத்து, அதில் போட்டிருக்கும் பரப்பளவும் உங்கள் வீடும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். குடியிருப்பு என்று போட்டிருக்கிறதா, கடை என்று போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். கூடுதலாகப் போட்டிருந்தால் மனுக் கொடுத்துக் குறைக்கச் சொல்லலாம். அரையாண்டு தொடங்கி முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடியும் உண்டு, ஏப்ரலிலும் அக்டோபரிலும்.

இந்தக் கட்டுரைக்காக எங்கள் ரசீதை எடுத்துப் பார்த்தேன். கீழ்த்தளம் மட்டும்தான் இருக்கிறது. அப்பா கடைசியாக மாடியில் எடுத்த அறை, ஏறக்குறைய 300 சதுர அடி, அதில் இல்லவே இல்லை. டேப் வைத்து நானும் தம்பியும் அளந்து, மனு எழுதி, வரிக் கேட்பு எண்ணோடு போய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அளந்து பார்க்க ஆள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். விஷயம் தெரிந்ததும் எதிர்வீட்டு அண்ணன் நேற்றுச் சாயங்காலம் டேப்பை இரவல் வாங்கிக்கொண்டு போனார்.